குழுவில் பாடியவர்கள் தனியாக, மெல்லப் பாடும்போது

பாக்நீரிணை (இராமநாதபுரம்) எழுதியது:

நம் மாவட்டத்து மெல்லிசைக் குழு ஒன்றில் நெடுங்காலமாகப் பாடிவரும் பாடகி ஒருவர், தானே எழுதி மெட்டமைத்த நான்கு பாடல்களை அண்மையில் இணையத்தில் ஏற்றியிருக்கிறார். ஓர் ஆர்மோனியம், ஒரு கிதார், அவருடைய குரல். அவ்வளவுதான். அவரிடம் கேட்காமல் பெயரைப் போடுவது முறையல்ல என்பதால் விட்டுவிடுகிறேன். கேட்டவர்களுக்கு யார் என்று தெரிந்திருக்கும்.

நான் சவுண்ட் சர்வீஸ் தொழிலில் இருக்கிறேன். முளைக்கொட்டு, சந்தனக்கூடு, மாதா கோயில் திருவிழா என்று தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நாங்கள் மேடைக்குப் பெட்டி இறக்காத கடற்கரை ஊர் குறைவு. இந்தப் பாடகியின் குரலை மிக்ஸருக்குப் பின்னால் நின்று எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன். மேடையில் அந்தக் குரல் ஆக்டோபேட் என்னும் மின்தாளக் கருவியையும் கீபோர்டையும் ஜெனரேட்டரின் இரைச்சலையும் தாண்டி, பந்தலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருப்பவர் வரை போக வேண்டும். அதற்காக மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, தொண்டையை இறுக்கி, ஒவ்வொரு சொல்லையும் அடித்துப் பாடுவார். நாங்களும் எக்கோவை ஏற்றிக் கொடுப்போம். புதிய பாடல்களில் அவர் மூச்சு வாங்குவது கேட்கிறது. ஒரு வரியின் கடைசிச் சொல் பாதியிலேயே தேய்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க அவர் முயலவில்லை. தேயட்டும் என்று விட்டிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் அருகில் நின்றும் இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

குழுப் பாடகர்கள் தனித்து வருவது உலகெங்கும் நடப்பதுதான். பலர் தனியாக வந்த பிறகும் அதே அடர்த்தியை வேறு ஆட்களைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார்கள். என் மனம் போவது பாடும் முறையையே மாற்றிக்கொண்டவர்கள் பக்கம். 'டாக் டாக்' என்ற ஆங்கிலேயக் குழுவின் மார்க் ஹாலிஸ், 1998-இல் தன் பெயரில் ஒரே ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். வாத்தியங்கள் ஓர் அறைக்குள் இயல்பாக எப்படி ஒலிக்குமோ அப்படியே பதிந்த தொகுப்பு. முதல் பாட்டு தொடங்குவதற்கு முன் சில நொடிகள் ஒன்றுமே கேட்காது. பழுதாகிவிட்டதோ என்று நான் ஒலியைக் கூட்டினேன். 2019-இல் இறக்கும்வரை வேறொரு தனித் தொகுப்பை அவர் வெளியிடவில்லை. 'போர்ட்டிஸ்ஹெட்' குழுவின் பெத் கிப்பன்ஸ், குழுவின் முதல் தொகுப்பு வந்த 1994-இலிருந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 2024-இல்தான் முழுக்கத் தன் பெயரில் ஒன்றை வெளியிட்டார். வயதாவது, தாய்மை, நெருங்கியவர்களை ஒருவர் பின் ஒருவராக வழியனுப்புவது: இவைதாம் அதன் பொருள். இருபது வயதில் அந்தப் பாடல்களை யாரும் எழுதியிருக்க முடியாது.

என் கேள்வி இதுதான். இப்படி மெல்லப் பாடுவதற்கு நம் கடற்கரையில் இடம் இருக்கிறதா? நம் குழுக்களின் பாடகர்கள் இதை முயல வேண்டுமா? முயன்றால் குழுவுக்கு என்ன ஆகும்?

கீழக்கரைத் தாளம் எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் ஆக்டோபேடும் டோலக்கும் வாசிப்பவன். முன்னணிப் பாடகர் ஒருவர் "கொஞ்ச நாள் தனியாகச் செய்து பார்க்கிறேன்" என்று சொன்ன ஆண்டில் எங்கள் குழுவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். விழாக் கமிட்டிக்காரர்கள் தாளத்தைக் கேட்டு வருவதில்லை. குரலைக் கேட்டு வருகிறார்கள். அட்வான்ஸை நீட்டுவதற்கு முன் அவர்கள் கேட்பது, "அவர் வருகிறார் அல்லவா?" என்பதுதான். வரமாட்டார் என்றால் தொகையைக் குறைப்பார்கள், அல்லது வேறு குழுவைப் பார்த்துப் போய்விடுவார்கள். மழைக்காலத்தில் மேடை கிடையாது. நோன்பு மாதத்தில் எங்கள் பக்கம் கிடையாது. மிச்சமிருக்கும் மாதங்களை வைத்துத்தான் ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டும்.

அந்தக் குரலை வளர்த்தது யார்? சுருதி விலகிய இடத்தில் கீபோர்டில் மெட்டைத் தொட்டுக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்தவர் ஒருவர். வரி மறந்து அவர் திகைத்து நின்றபோது இடையிசையை இன்னொரு சுற்று நீட்டிக் காப்பாற்றியவர்கள் நாங்கள். இப்படிப் பல ஆண்டுகள் தாங்கிய பிறகு, "என் உண்மையான குரல் இதுதான்" என்று ஒருவர் தனியாக வெளியிட்டால், எங்களோடு பாடியது எந்தக் குரல்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெல்லிய குரல் உயர்வு, உரத்த குரல் தாழ்வு என்ற எண்ணம் இந்தப் பதிவுக்கு அடியில் ஓடுகிறது. நாகூர் ஹனிபா 1925-இல் பிறந்தது நம் இராமநாதபுரத்தில்தான். அவர் குரலின் வீச்சுக்காகத்தான் மக்கள் திரண்டார்கள். எங்கள் ஊர்த் திருமண வீடுகளில் இன்றும் அந்தக் குரல் ஒலிக்காமல் பந்தல் களைகட்டாது. கச்சான் காற்று அள்ளி வீசும் ஊரில் குரல் உரக்கத்தான் எழும். அதில் ஒரு குறையும் இல்லை.

உச்சிப்புளி எழுதியது:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று. மெல்லிசைக் குழுவில் பாடுபவர் பெரும்பாலும் இன்னொருவர் குரலைத்தான் பாடுகிறார். பின்னணிப் பாடகர் எங்கே இழுத்தாரோ அங்கே இழுக்க வேண்டும், எங்கே சிரித்தாரோ அங்கே சிரிக்க வேண்டும். அப்படியே இருந்தால்தான் கைதட்டல். நடுவே தன் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடினால் அடுத்த நொடி கீழிருந்து துண்டுச் சீட்டு வரும், இந்தப் படத்துப் பாட்டைப் பாடுங்கள் என்று. அந்தப் பாடகி வேறு எங்கே போய்த் தன் பாட்டைப் பாடுவார்?

மண்டபம் வானொலி எழுதியது:

இளையவர்கள் இதை இன்று முளைத்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். எங்கள் காலத்தில் மண்டபத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைதான் தெளிவாகக் கேட்கும். கே. எஸ். ராஜாவின் குரலும் பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் எங்கள் வீட்டு ஆட்களின் குரல் போலப் பழகியவை. அந்த அலைவரிசையில்தான் ஈழத்துப் பொப் இசை கடல் கடந்து வந்தது. நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடி இரு கரையிலும் புகழ் பெற்றார். 2018-இல் சென்னையில் மறைந்தார்.

அவை துள்ளல் பாட்டுகள். நீங்கள் பேசும் அடங்கிய பாட்டுகள் அல்ல என்பதை அறிவேன். ஆனால் அவற்றின் பின்னால் எந்தத் திரைப்படமும் இல்லை. எந்த நடிகருக்கும் குரல் கொடுக்காமல், பாடுபவரே தன் முகத்தோடும் தன் பெயரோடும் முன்னால் நின்று, பக்கத்து வீட்டுச் சங்கதியைப் பாடினார். எங்களுக்கு அது பெரிய திறப்பு. பாடகர் என்றால் திரைக்குப் பின்னால் நிற்பவர் என்று எண்ணியிருந்த காலம் அது.

இன்னும் பின்னே போனால் குணங்குடி மஸ்தான் சாகிபு இருக்கிறார். தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்தவர். துறவு பூண்டு, தனித்திருந்து, இறைவனோடு மட்டும் பேசுவதாகப் பாடிவைத்த வரிகள் அவருடையவை. தர்காக்களில் பக்கீர்கள் ஒரு தஃப்பை மட்டும் தட்டிக்கொண்டு பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஒரு குரல், ஒரு தோல்கருவி. அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கீழக்கரைத் தம்பி ஹனிபாவைச் சொன்னது சரிதான். உரத்த குரலும் அடங்கிய குரலும் இரண்டுமே இந்த மண்ணுக்கு உரியவை என்று நானும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாக்நீரிணை எழுதியது:

மண்டபம் ஐயாவுக்கு நன்றி. காக்காவின் கேள்விக்கு என்னால் முழுப் பதில் தர முடியாது. ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூஜெர்சியில் தான் குடியிருந்த வீட்டில், நான்கு தடங்கள் மட்டுமே உள்ள ஒரு கேசட் ரெக்கார்டரில் புதிய பாடல்களைப் பதிந்தார். தன் 'ஈ ஸ்ட்ரீட்' குழுவினருக்குப் பாட்டைக் காட்டுவதற்காகச் செய்த மாதிரிப் பதிவு அது. உறைகூட இல்லாமல் அந்தக் கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார் என்பார்கள். பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார்கள். நன்றாக வாசித்தும், கேசட்டில் இருந்தது வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அதே ஆண்டு வெளியிட்டார். குழு கலையவில்லை. அதே கேசட்டில் இருந்த இன்னொரு பாட்டு, குழு வாசித்தபோது விசுவரூபம் எடுத்தது. 1984-இல் வந்த 'பார்ன் இன் த யூஎஸ்ஏ' தொகுப்பின் தலைப்புப் பாட்டு அதுதான்.

ஆக, குழுவோடு பாடியது பொய், தனியே பாடியது மெய் என்று பிரிக்க முடியாது. சில பாட்டுக்கு ஆள் வேண்டும். சில பாட்டு ஆள் சேர்ந்தால் சுருங்கிவிடும். இதை வாசித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாங்குரல் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் பாம்பன் பக்கத்துக் குழு ஒன்றில் டூயட்டும் கோரஸும் பாடுகிறேன். இந்த இழையில் பேசப்படும் பாடகி நான் அல்ல. ஆனால் அவர் செய்ததைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேடையில் பெண் பாடகியிடம் எதிர்பார்ப்பது பாட்டு மட்டும் அல்ல. பட்டுப்புடவை, முகத்தில் ஓயாத சிரிப்பு, தொகுப்பாளர் பேசும் பேச்சுக்கெல்லாம் தலையாட்டல். பாட்டில் துக்கம் இருந்தாலும் முகம் மலர்ந்திருக்க வேண்டும். குழுவில் யாரும் என்னை அவமதித்ததில்லை. காக்கா வருத்தப்பட வேண்டாம். என் வீட்டார் இரவு நேரக் கச்சேரிக்கு என்னை அனுப்புவதே குழுவில் உள்ள மூத்தவர்களை நம்பித்தான். ஆனால் சொந்தப் பாட்டுக்கு அந்த மேடை இடம் தராது. நாங்கள் பாடுவதற்கு என்று வேறு மேடையும் இல்லை.

என் அப்பத்தா வத்தை என்னும் சிறு படகில் தீவுகளுக்குப் போய்க் கடல்பாசி எடுத்தவர். போகும்போதும் வரும்போதும் அவர்கள் பாடிய அம்பா என்னும் கடல் தொழில் பாட்டுகள் கொஞ்சம் எனக்குத் தெரியும். கைப்பேசியில் அவர் குரலைப் பதிந்தும் வைத்திருக்கிறேன். அவற்றை ஆர்ப்பாட்டமில்லாமல், ஒரே ஒரு கிதாரோடு, என் குரலில் பாடிப் பதிய ஆசை. அந்தப் பாட்டுகள் யாருக்குச் சொந்தம், எனக்கு அந்த உரிமை உண்டா என்பதுதான் குழப்பம்.

சின்னப்பாலம் எழுதியது:

அக்கா, மனம் நோகாமல் கேளுங்கள். அம்பா ஓர் ஆள் பாடுகிற பாட்டே அல்ல.

கரைவலை இழுக்கும்போது ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பதில் கொடுப்பார்கள். அந்தப் பதில் விழும் இடத்தில்தான் அத்தனை கைகளும் ஒன்றாக இழுக்கும். பாட்டின் வேகத்தை வலையின் கனம் முடிவு செய்யும். வலை தூரத்தில் இருக்கும்போது ஒரு நடை, கரையை நெருங்கும்போது வேறு நடை. முதல் வரி எடுப்பவர் அங்கேயே புதிதாகக் கட்டுவார். மாமன் முறைக்காரனைச் சீண்டுவார், படகும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டியின் கஞ்சத்தனத்தைப் போட்டு உடைப்பார், பக்கத்தில் இழுப்பவன் களைத்துவிட்டால் அவனையும் பாட்டுக்குள் இழுத்துவிடுவார். சிரித்துக்கொண்டே இழுத்த பாட்டு அது.

அதை ஓர் அறைக்குள் வைத்து, கிதாரை மெதுவாக மீட்டி, கண்ணை மூடிக்கொண்டு சோகமாகப் பாடிவிட்டால் என்ன மிஞ்சும்? கடற்கரை மக்கள் என்றாலே புயலும் அழுகையும்தான் என்று நினைப்பவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்ததைத் தவிர வேறு எதையும் எங்களைப் பற்றிக் கேட்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக எங்கள் பாட்டின் சிரிப்பைப் பிடுங்கிப் போடுவதை என்னால் பொறுக்க முடியாது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி நடக்கிறது. அம்பாவைப் பதிவதானால் அப்படி ஓர் இடத்தில், பாடத் தெரிந்த ஆட்கள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துப் பதிவதுதான் முறை.

இரண்டாங்குரல் எழுதியது:

தம்பி, நோகவில்லை. நீங்கள் சொன்ன அந்தச் சிரிப்பு எனக்கும் தெரியும். சம்மாட்டியைத் திட்டும் வரிகள் அப்பத்தாவிடம் நிறைய உண்டு; சிலவற்றை இங்கே எழுத முடியாது.

நான் சொல்ல வருவது வேறொன்று. முழங்கால் வலியால் அப்பத்தா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகும் பாட்டு நிற்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே முதல் வரியைப் பாடுவார். பதில் வரி வர வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கமாட்டார். அந்த நேரம் முழுவதும் உரலில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். சரியாக அந்த அளவு நேரம் விட்டு, அடுத்த வரியை எடுப்பார். நான் வளர்ந்து கேட்டது அந்த அம்பாவைத்தான். கூட இழுத்தவர்கள் இல்லாத அம்பா. பலர் பாடும் அம்பாவைப் பாட எனக்குத் தகுதி இல்லை. நான் கயிறு பிடித்ததே இல்லை. ஆனால் இந்தத் திண்ணை அம்பாவை என்னைத் தவிர வேறு யார் பாடுவார்கள்?

பதில் வரியின் இடத்தைக் கிதாரால் நிரப்பக்கூடாது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன்.

சின்னப்பாலம் எழுதியது:

அக்கா, அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அப்படிச் செய்வதானால் எனக்கு மறுப்பு இல்லை. எங்கள் ஆட்கள் கேட்டால் அவர்களாகவே வாய்க்குள் பதில் சொல்வார்கள். தெரியாதவர்களுக்கு அங்கே ஏதோ குறைகிறது என்றாவது புரியும். சிரிப்பு வரிகளையும் விட்டுவிடாதீர்கள்.

தொண்டிக் கடல் எழுதியது:

உரிமை பற்றிக் கேட்டிருந்தார்கள். எழுதியவர் யார் என்றே தெரியாமல் தலைமுறையாக வரும் பாட்டுக்குத் தனி ஒருவர் உரிமை கோர முடியாது. ஆனால் அப்பத்தாவின் கைப்பேசிப் பதிவு வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை ஐம்பது ஆண்டுகளுக்கு உண்டு. அந்தக் குரலை உங்கள் பாட்டில் ஒரு துணுக்காகச் சேர்த்தாலும் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், பாடியவர் என்று அவர் பெயரைப் போடுங்கள். வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

பெயர் போடுவது சின்ன விஷயம் அல்ல. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடி வெளியே தெரிந்த அறிவு, 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதிப் பாடினார். தன் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்க்கையை அந்தப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அவர் படம் இல்லாதபோது எவ்வளவு பேச்சு எழுந்தது என்று நினைவிருக்கும். பின்னர் அவர் தன் தனித் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார். பாட்டியின் பெயர் தலைப்பில் நிற்கிறது. அப்படித்தான் செய்ய வேண்டும்.

திரைப்பாடலை மெதுவாகப் பாடி ஏற்றுவதைத் தனித் திட்டம் என்று நினைக்கும் பாடகர்களுக்கும் ஒரு வார்த்தை. மூலப் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகாமல், உரிமையாளரின் அனுமதியின்றி அதன் மறுபதிவைச் சட்டப்படி செய்ய முடியாது. அதன் பிறகும் உரிமைத்தொகை கட்ட வேண்டும். சொந்தப் பாட்டு என்றால் இந்தத் தொல்லை இல்லை. குணங்குடியார் வரிகளுக்கும் இல்லை. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் எல்லோருக்கும் பொது.

பெரியபட்டினம் (இப்போது தம்மாமில்) எழுதியது:

மெல்லப் பாடுவதற்கு இடம் இருக்கிறதா என்று முதல் பதிவில் கேட்டார்கள். கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.

இங்கே ஓர் அறையில் பலர் தங்கியிருக்கிறோம். பகல் ஷிப்ட் முடிந்தவர் தூங்கும்போது இரவு ஷிப்ட்காரர் கிளம்புவார். சத்தமாக எதையும் போட முடியாது. காதில் மாட்டிக்கொண்டு கேட்பதுதான். உரத்த கச்சேரிப் பதிவை இப்படிக் கேட்டால் தலை வலிக்கும். அந்தப் பாடகியின் இரண்டாவது பாட்டை நண்பர் அனுப்பினார். மூச்சு வாங்கும் சத்தத்தோடு, நம் ஊர்ப் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு, ஒரு பெண் குரல் நேராகக் காதுக்குள் பேசுகிறது. எந்த நடிகையின் முகமும் நினைவுக்கு வரவில்லை. ஊரில் திருவிழாவுக்கு நாங்கள் வர முடியாத ஆண்டுகளே அதிகம். மேடைக்கு முன்னால் உட்காருபவர்களை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். ஊரை விட்டுப் போன நாங்களும் கேட்பவர்கள்தாம், எங்களுக்கு இப்படிப்பட்ட பாட்டு வேண்டும்.

பாக்நீரிணை எழுதியது:

தம்மாம் நண்பர் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டாங்குரல் தங்கைக்காக என் தொழில் அனுபவத்திலிருந்து சில சொல்கிறேன்.

மேடையில் பழகியவர்கள் வீட்டில் பதியும்போதும் மைக்கைக் கடித்துக்கொண்டு பாடுவார்கள். வாயை நெருங்க நெருங்க மைக் அடிநாதத்தை ஊதிப் பெரிதாக்கும். ஒரு சாண் தள்ளி வைத்து, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. சுவரோரம் பஞ்சு மெத்தைகளை நிறுத்தினாலே அறையின் எதிரொலி பாதி அடங்கும். கச்சான் வீசும் மாதங்களில் பனையோலைக் கூரைக்குக் கீழே பதிவது வீண். ஓலை பேசிக்கொண்டே இருக்கும். கண்டென்சர் மைக் வாங்கினால் உப்புக்காற்று படாமல் மூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். நம் ஊரில் மைக் துருப்பிடித்துத்தான் சாகிறது.

அலையோசையை மட்டும் சேர்க்காதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். கடற்கரைப் பாட்டு என்றால் உடனே இணையத்திலிருந்து ஓர் அலைச் சத்தத்தை இறக்கி அடியில் ஓடவிடுகிறார்கள். பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். அங்கே அப்படி அலை அடிக்கவே அடிக்காது. மன்னார் வளைகுடாவின் ஆண் கடல் வேறு. எந்தக் கடலோ ஒன்றின் சத்தத்தை உங்கள் அப்பத்தாவின் பாட்டுக்கு அடியில் போடுவது பொய்.

வருமானத்தை நம்பி இறங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் பணம் கணக்கிடப்படும். அதைத் தாண்டினாலும் கிடைப்பது மிகச் சிறிய தொகை. கச்சேரிப் பணம்தான் குடும்பத்தைக் காக்கும். அதனால் குழுவை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கீழக்கரைத் தாளம் எழுதியது:

பெத் கிப்பன்ஸ் தொகுப்பைத் தேடிக் கேட்டேன். தாளம் என் காதை இழுத்தது. வாசித்தவர் யார் என்று பார்த்தால் லீ ஹாரிஸ். முதல் பதிவில் சொன்ன அந்த மார்க் ஹாலிஸின் 'டாக் டாக்' குழுவின் டிரம்ஸ் கலைஞர்! கிப்பன்ஸ் 2002-இல் ரஸ்டின் மேன் என்பவரோடு சேர்ந்து ஒரு தொகுப்பு செய்திருக்கிறார். அவரும் அதே குழுவில் பேஸ் வாசித்த பால் வெப். இரண்டு பாடகர்களும் தனியாக வந்ததைப் பற்றித்தான் இங்கே பேசினோம். அவர்களோடு வாசித்தவர்களைப் பற்றி யாரும் ஒரு சொல் எழுதவில்லை.

ஸ்னேர் டிரம்மின் வழக்கமான அடியிலிருந்து விலகிப்போக வேண்டும் என்று கிப்பன்ஸ் கேட்டாராம். ஹாரிஸ் வீட்டுப் பொருள்களையெல்லாம் தட்டிப் பார்த்து வேறொரு நாதத்தைத் தேடியிருக்கிறார். அந்தத் தொகுப்பு முழுவதும் தாளம் இருக்கிறது, ஆனால் குரலுக்கு மேலே ஏறவில்லை. எனக்கு அது புதிய பாடம். மேடையில் என் வேலை கூட்டத்தை எழுப்புவது. ஆக்டோபேடில் மெதுவாகத் தட்டினாலும் வருவது அதே பதிந்துவைத்த சத்தம்தான். விரலின் கனம் அதில் முழுசாக ஏறாது. வீட்டில் என் வாப்பா வைத்திருந்த தஃப் இருக்கிறது. நேற்று எடுத்து, தோலை வெயிலில் காட்டி, விரல் நுனியால் மட்டும் வாசித்துப் பார்த்தேன். உரக்க அடிப்பதைவிட இது கடினம். கை நடுங்கினால் உடனே தெரிகிறது.

அதனால் என் மறுப்பை இப்படித் திருத்திக்கொள்கிறேன். பாடகர்கள் தனியாகப் பாடட்டும். ஆனால் தனிப்பாட்டு என்றால் வாத்தியக்காரன் வேண்டாம் என்று முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள். எங்களிடம் கேளுங்கள். எங்களுக்கும் மெதுவாக வாசிக்கத் தெரியும். இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் விட்டுக்கொடுக்காத ஒரே கோரிக்கை, வளர்த்த குழுவின் பெயர் தொகுப்பில் எங்கேயாவது அச்சாக வேண்டும் என்பது.

இரண்டாங்குரல் எழுதியது:

காக்கா, இதோ இப்போதே கேட்கிறேன். சம்மாட்டிப் பாட்டுக்கு மட்டும் தஃப் வாசிப்பீர்களா? திண்ணைப் பாட்டுகள் வெற்றிலை உரலோடு நிற்கட்டும். எங்கள் குழுத் தலைவரிடமும் பேசிவிட்டேன். கச்சேரித் தேதிகளோடு மோதக்கூடாது என்றார், சரி என்றேன். குழுவின் பெயர் போடுவதில் எனக்குப் பெருமைதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் அந்த அறுபத்தொரு நாளும் கரையில் இருப்பார்கள். எங்கள் தெருவில் வலை பின்னும் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே மைக் இல்லாமல் பாடிக் காட்டிவிட்டு, அதன் பிறகு பதியலாம் என்று நினைக்கிறேன். அப்பத்தாவின் வயதுக்காரர்கள் கேட்டு, இது சரி, இது தவறு என்று சொன்ன பிறகுதான் வெளியே விட மனம் வரும்.

சின்னப்பாலம் எழுதியது:

கொட்டகையில் என் பெரியம்மாவையும் அவருடன் பாசி எடுத்தவர்களையும் அழைத்து வருகிறேன். நீங்கள் விடும் இடைவெளியில் அவர்கள் பதில் கொடுத்தால் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கீழக்கரைத் தாளம் எழுதியது:

வருகிறேன். தேதியைப் பெருநாளுக்கும் எங்கள் பக்கத்துத் திருமணப் புக்கிங்குகளுக்கும் இடையில் பார்த்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், எனக்குக் கச்சேரி இருக்கும். ஒத்திகைக்கு வரும்போது அப்பத்தாவின் பதிவை முதலில் கேட்க வேண்டும். அவர் விடும் இடைவெளி எத்தனை மாத்திரை என்று தெரியாமல் நான் கை வைக்கமாட்டேன்.